இரண்டு மணிக்கு மேல்

...இருபத்தேழு, முப்பது ராத்திரியில் இருபத்தேழு, இருபத்தொன்று இருந்தாலே போதும் என்றுதானே போன தடவை சொன்னாள், ஆறு கூடவே இருக்கிறது, அப்புறம் எதற்கு இந்த ஆஸ்பத்திரிப் பெண் திரையைப் பார்த்துப் பார்த்து உதட்டைக் கடிக்கிறாள், நல்லா இருக்கு சார் என்று ஒரு வார்த்தை சொல்லி டாக்டர் அறைக்கு அனுப்பிவிட வேண்டியதுதானே... இவர் என் பக்கத்தில் இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, திருத்திய பரீட்சைத் தாள் கைக்கு வரப்போகிற பையன் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். சட்டையை நேற்றே இஸ்திரி போட்டு மாட்டிவிட்டார், காலையில் இரண்டு தரம் ஷேவ் செய்தார், கல்யாணத்துக்குக்கூட இந்த மனுஷன் இவ்வளவு மெனக்கெடவில்லை. மூச்சு மெஷினைப் பையோடு மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தார், இந்தப் பெண்தான் வாங்கி மேசையில் வைத்து, பக்கவாட்டில் இருந்த சிப்பை நகத்தால் தள்ளி எடுத்துக் கம்ப்யூட்டரில் சொருகினாள். கட்டைவிரல் நகத்தளவுதான் இருக்கும், அதற்குள் எங்கள் படுக்கையறையின் கடைசி முப்பது ராத்திரி இருக்கிறது. எத்தனை மணிக்கு மாஸ்க் முகத்தில் ஏறியது, எப்போது இறங்கியது, எத்தனை தரம் மூச்சு நின்றது, காற்று எவ்வளவு கசிந்தது, ஒன்று விடாமல். தூங்கும்போது மூச்சு நின்று நின்று போகிறவர் தினம் நாலு மணி நேரமாவது அந்த மாஸ்க்கைப் போட்டிருக்க வேண்டும், மூச்சு நிற்பது மணிக்கு ஐந்து தடவைக்குள் அடங்க வேண்டும், அப்போதுதான் டாக்டர் கடிதம் தருவார், கடிதம் வந்தால்தான் இவர் திரும்பப் பஸ் ஓட்டலாம். இல்லையென்றால் டிப்போவில் தொலைந்த பொருள் அறைதான், ரிட்டயர் ஆகிற வரைக்கும் குடைகளுக்கும் டிபன் டப்பாக்களுக்கும் நடுவில் ஒரு நாற்காலி.

பத்தொன்பது வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவர். அன்றைக்குக் காலை பத்தே காலுக்கு, பட்டப்பகலில், சிக்னலில் நின்ற பஸ்ஸில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தூங்கிப்போனார், பிரேக்கிலிருந்து கால் நழுவி பஸ் தானாக உருண்டு விளக்குக் கம்பத்தில் முட்டி நின்றது. யாருக்கும் ஒன்றுமில்லை, நின்றுகொண்டு வந்த ஒரு பெண்ணுக்கு முன்பல் உடைந்தது, அவ்வளவுதான் என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் இவருக்கு அது அவ்வளவுதான் இல்லை. தொலைந்த பொருள் அறையில் உட்கார்ந்துகொண்டு, யாராவது சிரித்தபடி வந்து குடையைக் கேட்டால் முதலில் பல்லைத்தான் பார்ப்பாராம், என்னிடம் ஒரு நாள் சொன்னார், சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் பரிசோதனை, அதற்குப் பிறகுதான் இந்த மெஷின். முதல் வாரம் ஒழுங்காகப் போட்டுக்கொண்டார், முதல் வாரம் எல்லாமே ஒழுங்காகத்தான் இருக்கும். எட்டாவது ராத்திரி ஏதோ பாம்பு சீறுகிற சத்தம் கேட்டு எழுந்தேன், மணி இரண்டு, மாஸ்க் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்து காற்றைக் கக்கிக்கொண்டிருந்தது, இவர் அந்தப் பக்கம் திரும்பி நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். தூக்கத்திலேயே கழற்றி எறிந்திருக்கிறார், தனக்கே தெரியாமல். எழுப்பினேன். "போட்டுட்டுத்தானே இருக்கேன், சும்மா தூங்கும்மா" என்றார், கண்ணைத் திறக்காமலே. பதினொரு மணிக்குப் போட்டால் இரண்டு மணிக்கு மூன்று மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம்தான் குறைகிறது... அந்த ஒரு மணி நேரத்துக்காக ஒரு மனுஷன் ஆயுசு பூராவும் குடை எண்ணுவதா. மாஸ்க்கைத் தலையணையில் அழுத்தி வைத்துப் பார்த்தேன், மெஷின் ஏமாறவில்லை, தலையணை மூச்சு விடாது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. அப்புறம்தான் என் முகத்தில் மாட்டிக்கொண்டேன்.

ஒரு மணி நேரம், விழித்துக்கொண்டே இருந்துவிட்டுக் கழற்றி வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பட்டையை இரண்டு பிடி இறுக்கி, பெரிய மாஸ்க் என் சின்ன மூக்கில் நிற்காமல் கண்ணுக்குள் காற்றடிக்க, ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு படுத்தவள் எழுந்தது ஐந்தரை மணிக்கு. சீக்கிரம் சீக்கிரம் துடைத்து, பட்டையைப் பழைய அளவுக்குத் தளர்த்தி, இவர் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போய்ப் பால் அடுப்பில் ஏற்றினேன். இவர் எழுந்து வந்து "ராத்திரி பூரா அசையாம தூங்கியிருக்கேன், பாத்தியா" என்று பெருமையாகச் சொன்னார், நான் பாத்தேன் என்றேன். அதற்கப்புறம் தினம் இதே கதை, இரண்டு மணிக்கு அந்தச் சீறல், அது இல்லாமலே விழிப்பு வந்துவிட ஆரம்பித்தது, பாங்க்கில் வாட்ச்மேன் டியூட்டி மாறுகிற மாதிரி. இவருக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்தால் அந்தச் சிப்பைத் தானே எடுத்துக்கொண்டு போய், ஐயா இது என் மூச்சு இல்லை என்று சொல்லிவிடுவார், அவ்வளவு நேர்மை, அந்த நேர்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது. நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு போகிறவர் ஆயிற்றே என்று ஒரு குரல் எனக்குள்ளும் கேட்கத்தான் செய்கிறது, பாதி ராத்திரி மாஸ்க், பாதி ராத்திரி குறட்டை, பாதி குணமானவர் கையில் முழு பஸ்... ஆனால் முன்னைக்கு இப்போது நல்லாத்தான் இருக்கிறார், சோபாவில் உட்கார்ந்ததும் தலை சாய்வதில்லை, டிவியில் படம் முடிகிற வரை பார்க்கிறார், முதல் மூன்று மணி நேரமே இவருக்குப் போதுமோ என்னவோ, நான் என்ன டாக்டரா.

"சார், ஒரு விஷயம் கேக்கணும்" என்கிறாள் அந்தப் பெண். திரையை எங்கள் பக்கம் திருப்புகிறாள். இவர் முன்னால் சாய்கிறார், நான் கண்ணாடியை மேலே தள்ளிக்கொள்கிறேன். போட்ட நேரம் பிரமாதம் என்கிறாள், முப்பதுல இருபத்தேழு நாள் நாலு மணிக்கு மேல, நிறைய பேர் இதுல பாதிகூட போடறதில்ல, அதுக்கு உங்களைப் பாராட்டணும். இவர் காது வரைக்கும் சிரிக்கிறார். ஆனா மூச்சு நிக்கறது மணிக்குப் பத்தொன்பது தடவை வருது சார், அஞ்சுக்குள்ள வரணும். இவர் சிரிப்பு அப்படியே நின்றது. அவள் பேனா முனையால் திரையைத் தொடுகிறாள், பாருங்க, பதினோரு மணியில இருந்து ரெண்டு மணி வரைக்கும் கோடு எவ்வளவு அமைதியா போகுது, மணிக்கு மூணுதான், சூப்பர், இந்தக் காத்துப் பிரஷர் உங்களுக்குச் சரியா இருக்கு. ரெண்டு மணிக்கு மேல பாருங்க... பார்த்தேன். மூச்சுக் கோடு ஏறி இறங்கி, சட்டென்று தட்டையாகி, தட்டையாகவே போய், பிறகு வெறி பிடித்த மாதிரி நாலு துள்ளல், மறுபடி தட்டை. துணியில் தையல் விட்டுப்போன இடங்கள் மாதிரி வரிசையாக. மணிக்கு முப்பத்துமூணு, தினமும் இப்படித்தான், கரெக்டா ரெண்டு மணிக்கு மேல, வேற ஆள் மாதிரி ஆயிடறீங்க சார், என்று அவள் விளையாட்டாகச் சொன்னாள். "நீங்கதானேம்மா இவர் பக்கத்துல படுக்கறீங்க. ரெண்டு மணிக்கு மேல என்ன நடக்குது, மல்லாந்து படுத்துடறாரா?" அந்தப் பெண்ணின் கண் என் மேல் இருந்தது, இவர் கண்ணும் என் மேல் இருந்தது, எச்சில் விழுங்குகிற நேரம்தான் இருந்தது, அதற்குள் வாய் தானாக, "ஆமாம்மா, மல்லாந்துடுவார், எவ்வளவு சொன்னாலும் கேக்க மாட்டார்" என்றது. இவர் குற்றம் செய்தவர் மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டார்.

பொய் சொன்னதில் எனக்கு ஒன்றும் பெரிய சங்கடமில்லை, வீட்டில் குடித்தனம் நடத்துகிறவள் ஒரு நாளைக்கு நாலு பொய் சொல்லாமல் முடியுமா. என்னை உலுக்கியது அதற்குப் பிறகு வந்தது. அந்தப் பெண் தன் பாட்டுக்கு எண்களைப் படித்துக்கொண்டே போனாள், இது முப்பத்தாறு செகண்ட், இது நாற்பத்தொண்ணு, இதோ போன வியாழக்கிழமை விடியக்காலை நாலு மணிக்கு ஒண்ணு, நாற்பத்தெட்டு செகண்ட் சார், நாற்பத்தெட்டு செகண்ட் நீங்க மூச்சே விடல. இவர் மெதுவாக நெஞ்சைத் தடவிக்கொண்டார், நான் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன், பாவம் மனுஷன் என்றுகூட நினைத்தேன், அப்புறம்தான், ஒரு நிமிஷம் கழித்துத்தான், வியாழக்கிழமை விடியக்காலை நாலு மணிக்கு அந்த மாஸ்க்குக்குள் இருந்தது யார் என்று எனக்கு உறைத்தது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுத்துத் தேய்க்கிற வேலை எனக்கு, பதினாலு வருஷமாக அடுத்தவர் கண்ணுக்கு எண் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒருத்தர் பவரை இன்னொருத்தர் போடாதீங்க, தலை வலிக்கும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிறேன், ஆனால் ஒருத்தர் மூச்சுக் கணக்கில் இன்னொருத்தர் வியாதி ஏறும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. காலையில் எழுந்ததும் நெற்றியைக் கட்டிப் பிழிகிற தலைவலி, அது அந்த மாஸ்க்கால் என்று நினைத்தேன், ஆனால் மாஸ்க் வந்து இரண்டு மாசம், தலைவலி வந்து எத்தனை வருஷம்... மத்தியானம் மூன்று மணிக்குத் தேய்க்கும் கல் சுற்றிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும், போன வாரம் வலது கண் லென்ஸை இடது ஃபிரேமுக்கு அறுத்துவிட்டேன், முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, ராத்திரியில வீட்டுக்காரருக்குக் காவல் இருக்கீங்க, பாவம், என்றார். பெரியவள் ஊரிலிருந்து வந்தால் "அம்மா எப்பப் பாத்தாலும் தூங்கி வழியறா" என்பாள். இரத்தம் கம்மி என்றார்கள், வயசு என்றார்கள், கவலை என்றார்கள், நாத்தனார் மட்டும் வாய்விட்டு, சோம்பல் என்றாள். நானும் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டேன், எது சொன்னாலும் பொருந்துகிற வயசு.

"இதுல முக்கியமா ஒண்ணு புரிஞ்சுக்கணும் சார்" என்று அவள் இவரிடம் சொல்கிறாள், என்னிடம் சொல்லவில்லை, "இது மாஸ்க் போட்டிருக்கும்போதே இவ்வளவு. போடலைன்னா இதைவிட ரொம்ப மோசமா இருக்கும். இது வருஷக்கணக்கா கவனிக்காம விட்டா இதயத்தைப் பாதிக்கும், பி.பி. ஏறும், தூக்கத்துலயே ஏதாவது ஆகலாம். நல்ல வேளை, பக்கத்துல அம்மா இருக்காங்க." இவர் என்னைப் பார்த்தார், அந்தப் பார்வையில் நன்றி இருந்தது, எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. இருபத்திரண்டு வருஷமாக இவர் மூச்சைக் கேட்டுக்கொண்டே படுத்திருக்கிறேன், குறட்டை நின்றால் எனக்கு விழிப்பு வரும், எண்ணுவேன், பத்து, பதினைந்து, இருபது, முழங்கையால் இடிப்பேன், ஒரு பெரிய இழுப்போடு மறுபடி ஓட ஆரம்பிக்கும், அப்புறம்தான் என் கண் மூடும். இவர் மூச்சுக்கு ஒரு காது இருந்தது. என் மூச்சுக்கு? தானே சத்தம் போடுகிறவருக்கு அடுத்தவர் சத்தம் எப்படிக் கேட்கும். எனக்குள்ளே இத்தனை வருஷம் மூச்சு நின்று நின்று போய்க்கொண்டிருந்திருக்கிறது, அதைக் கேட்க இந்த உலகத்தில் ஒரு பெட்டிக்குத்தான் நேரம் இருந்தது, அதுவும் ஆள் மாற்றி எழுதி வைத்துக்கொண்டது.

பிறகு அவள் மெஷினில் செட்டிங்கை மாற்ற ஆரம்பித்தாள். இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்திப் பிடித்தால் நாங்கள் பார்த்தே இராத ஒரு பக்கம் திறக்கிறது, அதில் பிரஷர் ஒன்பது என்று இருந்ததை, குமிழைத் திருகித் திருகி, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. ஒவ்வொரு எண்ணும் எனக்காக ஏறுகிறது, யாருக்கும் தெரியாமல், என் அளவுக்கு ஒரு சட்டை இவர் பேரில் தைக்கப்படுகிறது. சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு, முதல் மூணு மணி நேரம் அவருக்கு ஒன்பதே சரியாக இருந்ததே, பதின்மூன்று வைத்தால் தாங்குவாரா, இரண்டு மணிக்குப் பிடுங்கி எறிகிறவர் பன்னிரண்டு மணிக்கே எறிவாரே... "போட்டுப் பாருங்க சார்." இவர் மாட்டிக்கொண்டார், அவள் காற்றைத் திறந்துவிட்டாள், இவர் கன்னம் இரண்டும் உப்பி, கண் விரிந்து, கை தானாக நாற்காலிப் பிடியைப் பற்றியது. கஷ்டமா இருக்கா என்று கேட்டாள். தலையை இல்லை என்று ஆட்டினார். பஸ் ஓட்டணும் என்றால் இந்த மனுஷன் புயலையே மூக்குக்குள் விட்டுக்கொள்வார். படுத்ததும் கொஞ்சம் கொஞ்சமா ஏறற மாதிரி வெச்சிருக்கேன், இருபது நிமிஷத்துல முழு பிரஷருக்கு வந்துடும், பழகிடும், என்றாள். காற்றில் ஈரம் கூட ஒரு நம்பர் ஏற்றினாள், பட்டையைப் பார்த்தாள், ரெண்டு மணிக்கு மேல காத்துக் கசிவும் கூடுது, மாஸ்க் நகருது போல, கொஞ்சம் இறுக்கிக்கோங்க. மாஸ்க்கைக் கழற்றிவிட்டு இவர் முகத்தைப் பார்த்து, "எல்லாருக்கும் காலையில கன்னத்துல பட்டைக் கோடு விழுந்திருக்கும், உங்களுக்கு ஒண்ணுமே இல்லையே" என்றாள். "ராசியான முகம்மா" என்று இவர் சொன்னார், பழைய டிரைவர் குரலில். அவள் சிரித்தாள். நான் என் கன்னத்துக் கோட்டைக் கையால் மூடிக்கொண்டு, கேட்காமல் இருந்துவிட்டால் போதும் என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், அவள் கேட்கவில்லை. கடிதம் இன்றைக்கு இல்லை, பதினைந்து நாள் கழித்து மறுபடி சிப்பைக் கொண்டு வாருங்கள், ஐந்துக்குள் வந்திருந்தால் அன்றைக்கே டாக்டர் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

இவர் அடுத்த தேதிச் சீட்டு வாங்க முன்னறைக்குப் போனார். அவள் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "ஏம்மா, இது பொம்பளைங்களுக்கும் வருமா?" என்று கேட்டேன், குரல் எனக்கே வேற்று ஆள் குரலாகக் கேட்டது. "நல்லா வரும்மா. ஆனா அவங்க யாரும் இங்க வர்றதில்ல. டயர்டா இருக்கு, தலை வலிக்குதுன்னு சொல்லி மாத்திரை போட்டுட்டுப் போயிடுவாங்க. ஏன், உங்களுக்கு ஏதாவது இருக்கா?" வாய் வரைக்கும் வந்தது. எனக்கும் பரிசோதனை செய்யுங்கள் என்றால் தலையில் ஒயர் ஒட்டி, என் மூச்சைக் கோடாக வரைந்து இதே திரையில்தான் வைப்பாள், அந்தத் தட்டை, அந்த நாலு துள்ளல், கெட்டிக்காரப் பெண், ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவாள், அப்புறம் இருபத்தேழு ராத்திரியும் போச்சு, இவர் பேரும் போச்சு, மோசடி என்றுதானே எழுதுவார்கள், இவர் செய்யவில்லை என்று யார் நம்புவார்கள். "எனக்கில்லம்மா, கடையில கூட வேலை பாக்கற அக்கா ஒருத்தங்களுக்கு" என்றேன். வரச் சொல்லுங்க, தள்ளிப் போட வேண்டாம்னு சொல்லுங்க, என்றாள். சொல்றேன் என்றேன்.

வராந்தாவில் காத்திருக்கும்போது கடிகாரத்தைப் பார்த்து மூச்சைப் பிடித்துப் பார்த்தேன். பத்து சுலபம். இருபதில் காது அடைத்தது, இருபத்தைந்தில் கண்ணில் நீர் வந்தது, முப்பத்தொன்றில் தாங்காமல் விட்டுவிட்டேன், எதிரில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார். முழித்துக்கொண்டு, வேண்டுமென்றே பிடித்தும் முப்பத்தொன்றுதான். தூக்கத்தில் அதற்கு மேலும் பதினேழு செகண்ட் நான் எங்கே போயிருந்தேன், யாரிடம் கேட்பது... இவர் சீட்டை ஆட்டிக்கொண்டு வந்தார். வாசலில் பஸ் நின்றது, இவருக்குத் தெரிந்த டிரைவர், கையைத் தூக்கினான், இவரும் தூக்கினார், வழக்கம்போல் முன்சீட்டில் போய் உட்கார்ந்து கியர் மாற்றுகிற கையையே பார்த்துக்கொண்டு வந்தார். கொஞ்ச தூரம் போனதும் என் பக்கம் குனிந்து, "மல்லாந்து படுக்கறேன்னு நீ என்கிட்ட சொல்லியிருக்கலாமே, எழுப்பியிருக்கலாமே" என்றார். கோபமில்லை, வருத்தம்தான். நீங்க தூங்கறதைப் பாத்தா எழுப்ப மனசு வரலை என்றேன், அதில் பாதி நிஜம். மடியில் இருந்த மெஷின் பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். "இன்னையில இருந்து பாரு. முதுகுல ஒரு தலையணையைக் கட்டிக்கறேன், ஒருக்களிச்சே படுக்கறேன். மாஸ்க்கையும் இறுக்கிக்கறேன், ராத்திரி பூரா நகரவே விட மாட்டேன். பதினஞ்சே நாள்." சரி என்றேன். நல்லதுதான், இதற்காகத்தானே இத்தனை நாள் கண் விழித்தேன், பதின்மூன்றைத் தாங்கிக்கொண்டு விடிகிற வரை மாஸ்க்கைப் போட்டிருந்தால் இவர் பிழைத்தார், பஸ்ஸில் ஏறுகிற நாற்பது பேர் பிழைத்தார்கள், நானும் நிம்மதியாக என் பக்கம் திரும்பிப் படுக்கலாம்... ஜன்னல் ஓரமாகச் சாய்ந்து கண்ணை மூடினேன், மூடின உடனே தூக்கம் வந்து இழுத்தது, பயந்து திறந்துகொண்டேன். இவர் அந்த டிரைவரிடம் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, இன்றைக்கும் இரண்டு மணிக்கு இவர் மாஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும், கழற்றி என் பக்கம் போட்டுவிட வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.